மூன்றாவது சுற்றில் ஒரு கப் மோர்

தியாகராஜா செய்த முதற் பிழை, போட்டியைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வரவேண்டாம் என்று சொன்னது. இரண்டாவது பிழை, அதை மணிக்கூட்டுக்குச் சொல்ல மறந்தது.

கையில் கட்டுகிற மணிக்கூடுதான், ஆனால் நேரம் சொல்வது அதன் வேலைகளில் மிகச் சின்ன வேலை. இதயம் எப்படி அடிக்கிறது, எவ்வளவு தூரம் ஓடினார், ஒழுங்காக நித்திரை கொண்டாரா என்று எல்லாவற்றையும் வேவு பார்க்கும். சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறது, உடம்பை அசைக்கப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னபோது மகள் மேனுஷா வாங்கிக் கொடுத்தது. லீட்ஸில் படிக்கிற பிள்ளை, திரும்பிப் போகுமுன் இன்னொரு வேலையும் செய்துவிட்டுப் போனாள். அப்பா நடக்கவோ ஓடவோ நீந்தவோ தொடங்கினால் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி போகும். அதைத் தொட்டால் வரைபடம் விரியும். அதில் ஒரு நீலப் புள்ளி நகரும். அப்பா எங்காவது மயங்கி விழுந்தால் அம்மாவுக்குத் தெரியவேண்டுமாம்.

நடவுங்கோ நடவுங்கோ என்று மனைவி வசந்தமலர் வருடக்கணக்காகச் சொல்லியும் அசையாத மனிதர், மணிக்கூடு ஒருதரம் கையில் அதிர்ந்தவுடன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி நடந்தார். அந்தச் சாமானுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் தனக்கு இல்லை என்று வசந்தமலர் தங்கச்சி கஜந்தினியிடம் முறைப்பட்டார். ஆனால் அடுப்படியில் நின்று வெங்காயம் வெட்டும்போது போனைச் சுவரோடு சாய்த்துவைத்து, குட்மேய்ஸ் பூங்காவைச் சுற்றிவருகிற நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவர்தான். புள்ளி வீட்டுத் தெருவுக்குத் திரும்பினால் தேத்தண்ணிக்கு உலை வைப்பார்.

நடை ஓட்டமாகியது. ஓட்டம் அவரை ஒரு கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு காலால் ஓடுகிற ஆட்களின் கிளப். ஐம்பதைத் தாண்டிய பிறகு பார்க்கிங் என்கிற ஊரின் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு நின்று மூச்சு விடப் பழகினார். அதை நாங்கள் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கிளப்பில் அவர் தியாகராஜா இல்லை. முதல் நாள் மார்ட்டின் என்கிற நெட்டை மனிதர் பெயரைச் சொல்லப் பார்த்து நாக்குச் சிக்கி நிற்க, இவராகவே "தியோ என்று கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். இல்ஃபோர்டில் சொந்தக் கணக்காளர் அலுவலகம், வாசலில் முழுப்பெயர் போட்ட பலகை, எல்லாம் உள்ள மனிதர். கிளப்பில் மட்டும் தியோ. தியோ குறைவாகப் பேசுவார், மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டுவார், பயிற்சி முடிந்ததும் மற்றவர்களைப் போலக் கறுப்புக் கோப்பி குடிப்பார். தியோவுக்கு வீடு வாசல் இருக்கிறதா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒரேயொரு தரம் அது தெரியப் பார்த்தது. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, கிளப் ஆட்கள் பூங்காவில் ஓடிக்கொண்டிருக்க, நீலப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு வசந்தமலர் வந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறுகையில் சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் நிரப்பிய டப்பா. புல்வெளியின் அந்தக் கரையில் நின்று, "இஞ்சாருங்கோ" என்று ஒரு குரல் வைத்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தையிலும் கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்க்குமுன் தியாகராஜா ஓடிப்போய், மனைவியை மரங்களின் மறைவுக்குக் கூட்டிப்போனார். டப்பாவைக் கார் சீற்றில் வைத்துப் பூட்டினார்.

"இனி அங்க வராதையும்," என்று திரும்பி வரும்போது சொன்னார். "அது வேற மாதிரியான இடம்."

வசந்தமலர் என்ன மாதிரியான இடம் என்று கேட்கவில்லை. றோல்ஸை அவரும் கஜந்தினியும் சாப்பிட்டார்கள்.

போட்டி கிழக்கு லண்டனில், பழைய துறைமுகக் குளங்களில் ஒன்றின் கரையில் நடந்தது. அந்தக் கிழமை இந்த நாடு வெயிலில் காய்ந்து கிடந்தது. பூங்காக்களில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ரயிலில் ஏறுகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள் என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினார்கள். போட்டியைத் தள்ளிவைப்பார்கள் என்று தியாகராஜா உள்ளுக்குள் ஆசைப்பட்டார். தள்ளிவைக்கவில்லை. விடியற்காலையே சைக்கிளோடு புறப்பட்டவர், வாசலில் நின்று மூன்றாம் தரமும் சொன்னார், பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வெயிலுக்குள் வந்து அலையவேண்டாம் என்று. வசந்தமலர் ஓம், சரி என்றார்.

தொடங்குமுன் எல்லாரையும் கூட்டிவைத்து விதிகள் சொன்னார்கள். வெளியாட்களிடம் உதவி பெறக்கூடாது. உறவினரோ நண்பரோ தண்ணீர் நீட்டினால் வாங்கக்கூடாது. வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவீர்கள். தண்ணீர் எங்கள் மேசையில் மட்டும். தியாகராஜா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். தனக்கு யார் தண்ணீர் நீட்டப் போகிறார்கள் என்று நினைத்தார்.

குளத்துத் தண்ணீர் சூடேறிப் போனதால், நீந்தும்போது போடுகிற ரப்பர் சட்டை போடக்கூடாது என்றும் சொன்னார்கள். அதில்தான் அவருடைய அன்றைய வெட்கம் தொடங்கியது. ரப்பர் சட்டை வயிற்றை இறுக்கிப் பிடித்து மறைக்கும். இப்போது ஒட்டிக்கொண்ட மெல்லிய உடுப்போடு, ஒரு குட்டித் தொந்தியோடு, உருவிவிட்ட மாதிரி உடம்பு வைத்திருக்கிற மனிதர்களுக்கு நடுவில் நிற்கவேண்டியிருந்தது. மார்ட்டின் முதுகில் தட்டினார். தியோ சிரித்தார்.

நீந்தினார். யாரோ ஒருவருடைய கால் முகத்தில் உதைத்தது. வாய்க்குள் போன தண்ணீர் எண்ணெய் நாறியது. கரையேறி, ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளை எடுத்தார். தார் இளகிப்போன தெருவில், கிடங்குகளுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் நடுவே, அடுப்பைத் திறந்தால் வருகிற மாதிரிக் காற்று முகத்தில் அடித்தது. போத்தலில் இருந்த தண்ணீர் பாதி வழியிலேயே முடிந்தது. மணிக்கூடு அதிர்ந்தது. வேகம் குறை என்றது. இவர் குறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக மணிக்கூட்டின் பேச்சைக் கேட்காமல் விட்டது அப்போதுதான்.

சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கியபோது கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. குளத்தைச் சுற்றி நான்கு தரம் ஓடவேண்டும். மார்ட்டின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். சேர்ந்து முடிப்போம் தியோ என்றார். தியாகராஜாவுக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு முதலாவது வளைவில் திரும்பினார்.

வளைவுக்கு அப்பால், நடைபாதை ஓரத்தில், ஒரு மடிப்பு மேசை. மேசைக்கு மேலே இரண்டு குடைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. மேசையில் மோர் நிறைந்த ஒரு கிடாரம், சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு பெரிய ஸ்டீல் வாளி, அடுக்கடுக்காகப் பேப்பர் கப். மேசைக்குப் பின்னால் கஜந்தினி. மேசைக்கு முன்னால், பருத்திச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வசந்தமலர்.

எப்படி வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கையில் மணிக்கூட்டை அமத்தித் தண்ணீருக்குள் குதித்தாரே, அந்தக் கணமே குட்மேய்ஸ் அடுப்படியில் போன் சத்தம் போட்டது. ஏன் கிடாரத்தோடு வந்தார்கள் என்பதும் விளங்காத விஷயம் இல்லை. ஒவ்வொரு வருடமும் மனோர் பார்க் கோயில் தேர் வருகிற நாளில், தெருவோரம் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்க்கிற பெண்களில் வசந்தமலர் ஒருவர். வெயிலில் சனம் வியர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு சுற்று வந்தால், வழியில் ஒரு பந்தல் வேண்டும். அவருக்குத் தெரிந்த நியாயம் அது. புருஷன் ஒருவருக்கு மட்டும் ஒரு போத்தலில் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு மனம் வராது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டுக்கொண்டு, கப் தளும்பத் தளும்ப, செருப்புக் காலோடு பக்கத்தில் ஓடி வந்தார். "ஒரு மிடறு குடிச்சிட்டு ஓடுங்கோ. முகம் எல்லாம் கறுத்துப் போச்சு."

மார்ட்டின் திரும்பிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் நின்ற செம்மஞ்சள் மேற்சட்டைக்காரப் பெண், போட்டியைக் கண்காணிக்கிறவள், கையை உயர்த்திக்கொண்டு குறுக்கே வந்தாள். இருபது வயது இருக்கும். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இவர்கள் உங்களுடைய ஆட்களா என்று கேட்டாள்.

தியாகராஜா மனைவியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், குடைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த சணல் கயிற்றைப் பார்த்தார். மார்ட்டினின் முகத்தையும் பார்த்தார்.

"இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "இவர்களை எனக்குத் தெரியாது."

விதிக்குப் பயந்து சொன்னேன் என்று பிறகு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். விதி அவருக்கு நினைவு வந்தது, சொல்லி முடித்துப் பத்து அடி போன பிறகுதான்.

வசந்தமலருக்கு ஆங்கிலம் விளங்காது என்று ஆறுதல் படவும் வழியில்லை. ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர்களுக்கு உதவியாளராக வேலை செய்கிறவர். நீட்டிய கை ஒரு கணம் நீட்டியபடியே நின்றது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்:

"எங்களுக்கும் இவரைத் தெரியாது. தாகம் எடுக்கிற எல்லாருக்கும் கொடுக்கத்தான் வந்தோம்."

தியாகராஜா ஓடினார். பின்னால் கஜந்தினி தமிழில் ஏதோ சூடாகச் சொல்வதும், தமக்கை அவரை அடக்குவதும் கேட்டது. மார்ட்டின் மூச்சிரைக்க, என்ன அன்பான மனிதர்கள் என்றார். தியோ தலையாட்டினார். மணிக்கூடு அதிர்ந்தது. இதயம் கூடுதலாக அடிக்கிறதாம். அதைச் சொல்ல ஒரு மணிக்கூடு வேண்டுமா?

இரண்டாவது சுற்றில், போட்டியை நடத்துகிறவர்களுடைய மேசையில் தண்ணீர் முடிந்துவிட்டது. இந்த வெயிலை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெடியன் வெறும் பீப்பாவைச் சாய்த்துக் காட்டிக் கையை விரித்தான். வழியில் இரண்டு பேர் நிழலில் படுத்துக் கிடந்தார்கள், ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டக்காரர்கள் யாரிடமும் எதுவும் வாங்கிக் குடிக்கலாம், உயிர்தான் முக்கியம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

தியாகராஜா வளைவுக்கு வந்தபோது வசந்தமலரின் மேசையைச் சுற்றிக் கூட்டம். செம்மஞ்சள் சட்டைப் பெண்ணே முன்னால் நின்று கப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்ட்டின் போய் இரண்டு கப் குடித்து, தலையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தார். இது என்ன பானம் என்று கேட்டார். தெரியாது என்றார் தியோ. கூட்டத்தின் மறுபக்கத்தால், முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினார்.

இப்போது விதி இல்லை. விதியைத்தான் எடுத்துவிட்டார்களே. நின்று, திரும்பி, இது என்னுடைய மனைவி என்று சொல்ல அவரைத் தடுத்தது என்ன? ஒன்றும் இல்லை, முதலில் சொன்ன பொய்யைத் தவிர. முதலில் இருந்தது மனைவியை நினைத்து வந்த வெட்கம். இப்போது வந்தது தன்னை நினைத்து. அது வெயிலைவிட மோசமாக எரித்தது.

மூன்றாவது சுற்றில் கண் இருண்டது. வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்து குளிர்ந்தது. அது நல்லதல்ல என்று மணிக்கூடு சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. மார்ட்டின் தோளில் கைபோட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தியாகராஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த மேசை அவர்களுடைய மேசை. மேனுஷாவின் பிறந்தநாட்களுக்கு முற்றத்தில் விரிப்பது. கால் ஒன்று ஆடும். இப்போதும் ஆடியது.

வசந்தமலர் அகப்பையோடு நிமிர்ந்து பார்த்தார். எல்லாரையும் பார்க்கிற மாதிரியே பார்த்தார். முன்னால் நின்ற வெள்ளைக்காரரிடம் கேட்ட அதே குரலில், அதே ஆங்கிலத்தில், இவரிடமும் கேட்டார்:

"இனிப்பா, உப்பா, சேர்?"

சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சீனிப் போத்தலை மேல் தட்டுக்கு மாற்றியவர். தேத்தண்ணியில் ஒரு கரண்டி கூடினால் சண்டை பிடிக்கிறவர். அவர் கேட்கிறார், இனிப்பா உப்பா என்று. கஜந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போதாவது ஒரு தமிழ்ச் சொல் வாயில் வந்திருக்கலாம். பக்கத்தில் மார்ட்டின் நின்றார். அந்தப் பெண் நின்றாள். தியாகராஜாவின் நாக்கு மேல் வாயில் ஒட்டிக்கிடந்தது. தாகத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உப்பு," என்றார். "ப்ளீஸ்."

வசந்தமலர் இரண்டு கையாலும் கப்பை நீட்டினார். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்ட மோர். வீட்டு மோர். வீட்டில் அவருக்குப் போடுகிற அளவு உப்பு. குடித்தார். இன்னொரு கப் வாங்கிக் குடித்தார். உடம்புக்குள் உயிர் திரும்பி வருவது தெரிந்தது. கண்ணிலிருந்தும் கொஞ்சம் ஒழுகியது. வியர்வை என்று மார்ட்டின் நினைத்திருப்பார். "தாங்க் யூ" என்றார் தியாகராஜா. "யூ ஆர் வெல்கம், சேர்," என்று சொல்லிவிட்டு வசந்தமலர் அடுத்த ஆளிடம் கேட்டார், இனிப்பா உப்பா என்று.

நான்காவது சுற்றை எப்படி ஓடினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஒலிபெருக்கியில் தியோ என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். ஒன்றரை வருடம் கனவு கண்ட பதக்கம். சூடாக நெஞ்சில் சுட்டது.

மார்ட்டின் விடவில்லை. அந்தப் பெண்மணிகளுக்கு நன்றி சொல்லாமல் போகக்கூடாது என்று கிளப் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார். தியாகராஜா கடைசியாகப் போனார். போகும் வழியில் தீர்மானித்துவிட்டார், சொல்லிவிடுவது என்று. எல்லாருக்கும் முன்னால், செம்மஞ்சள் சட்டைப் பெண்ணுக்கும் முன்னால், இவர் என் மனைவி, நான் பொய் சொன்னேன் என்று. பதக்கத்தைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். அந்த நினைப்பிலேயே அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. மனிதர்கள் அப்படித்தான்.

வசந்தமலர் வெறும் கிடாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குடைகளை அவிழ்க்க உதவினாள். கிளப் ஆட்கள் கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். தியாகராஜா கிட்டப் போய் வாயைத் திறந்தார். வசந்தமலர் கிடாரத்தின் மேல் குனிந்தபடியே, உதடு அசையாத மாதிரி, தமிழில் சொன்னார்:

"இப்ப சொல்லாதேங்கோ. அந்தப் பிள்ளை என்னை நம்பி நிக்குது. என்னையும் பொய்க்காரி ஆக்காதேங்கோ."

திறந்த வாயைத் தியாகராஜா மூடினார். மார்ட்டின் அவரையும் இழுத்துப் படத்துக்கு நிறுத்தினார். வசந்தமலருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. இரண்டு பேருக்கும் நடுவில், முன்பின் அறியாதவர்கள் விடுகிற அளவு இடைவெளி விட்டு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் மற்றவர்கள் கிடாரத்தைத் தூக்கிக் காரில் ஏற்றிக் கொடுத்தார்கள். அது தியாகராஜாவுடைய கார். கார் போவதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம். கிடாரம் கழுவி முற்றத்தில் கவிழ்த்திருந்தது. வழமையில் அவர் தெருமுனையில் திரும்பும்போதே கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்கும். இன்றைக்குக் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து மேலே அறையில் கட்டிலில் இருந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"சாப்பாடு போட்டிருக்கு."

அவ்வளவுதான். முன்னால் 'இஞ்சாருங்கோ' இல்லை. யாருக்குப் போட்டிருக்கிறது என்று சொல்லாத சாப்பாடு. இறங்கி வந்து மேசையில் இருந்தார். சிவப்பரிசிச் சோறு, பாவற்காய், கீரை, மீன் குழம்பு. சீனி வருத்தக்காரருக்குச் சமைத்த சாப்பாடு. இனிப்பா உப்பா என்று யாரும் கேட்கவில்லை. வசந்தமலர் எதிரில் நின்று பரிமாறினார். தியாகராஜா மன்னிப்புக் கேட்க ஒரு வசனத்தை ரயிலில் வரும்போது யோசித்து வைத்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டு அதைத் தேடினார்.

இடது கையில் மணிக்கூடு அதிர்ந்தது. பழக்க தோஷம், திருப்பிப் பார்த்தார். மார்ட்டின் கிளப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். கீழே தியோவுக்கு ஒரு கேள்வி.

"என்னவாம்?" என்றார் வசந்தமலர்.

பொய் சொல்ல அவருக்கு இனித் தெம்பு இல்லை. கிளப்பில் எல்லாரும் சேர்ந்து நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்பப் போகிறார்களாம் என்றார். மோர் கொடுத்த அம்மாவின் பெயர் என்ன, கேட்டு வைத்தாயா என்று மார்ட்டின் கேட்கிறார் என்றார்.

வசந்தமலர் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். முள் குறைந்த நடுத்துண்டு, எப்போதும் அவருக்கென்று எடுத்து வைப்பது.

"தெரிஞ்சாச் சொல்லுங்கோவன்," என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.